மரியா டாகேயுச்சியின் 'எக்ஸ்பிரஷன்ஸ்': மூன்று சிடிகளும் ஒரு பாடலாசிரியரும்

ஹிட் பாடல் தொகுப்புகளை நான் பொதுவாக வாங்குவதில்லை. ஒரு பாடகரின் பிரபலமான பாடல்களை வரிசையாக அடுக்கித் தந்தால், ஒவ்வொரு பாட்டும் தன்னையே கவனி என்று கேட்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இதற்கு விலக்காக என் அலமாரியில் பல ஆண்டுகளாக இருப்பது ஒரே ஒரு தொகுப்பு. ஜப்பானியப் பாடகி மரியா டாகேயுச்சியின் 'எக்ஸ்பிரஷன்ஸ்'. டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடிவந்த புதிதில், பழைய சிடிகள் விற்கும் கடை ஒன்றில் வாங்கியது. அன்று முதல் சமையலறையிலும் ரயிலிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இணையத்தில் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கும் என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் அடிப்படை விவரங்கள். மரியா முதல் பாட்டை வெளியிட்டது 1978 நவம்பரில். அதன் 30ஆம் ஆண்டை ஒட்டி 2008 அக்டோபர் 1 அன்று வார்னர் மியூசிக் ஜப்பான் இந்தத் தொகுப்பை வெளியிட்டது. மூன்று சிடி, 42 பாட்டு. வெளிவந்ததும் ஜப்பானின் ஓரிகான் ஆல்பப் பட்டியலில் முதலிடம். அப்போது அவருக்கு வயது 53. பாட்டுகள் ஏறக்குறையக் காலவரிசையில் போகின்றன. இந்தக் காலவரிசைதான் இந்தத் தொகுப்பின் பெரிய பலம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஆட்கள் பலருக்கு மரியா வந்து சேர்ந்தது யூடியூப் வழியாக. 2017இல் ஒரு ரசிகர் ஏற்றிய 'பிளாஸ்டிக் லவ்' உலகம் முழுக்கப் பரவியது. கறுப்பு வெள்ளையில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும் அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் படம் உண்மையில் 1980இல் வந்த 'ஸ்வீட்டஸ்ட் மியூசிக்' என்ற வேறொரு பாட்டின் உறைக்காக எடுக்கப்பட்டது. 'பிளாஸ்டிக் லவ்' 1984 ஏப்ரலில் 'வெரைட்டி' ஆல்பத்தில் வந்தது. அடுத்த ஆண்டு தனி இசைத்தட்டாக வெளியிட்டபோது ஓரிகானில் 86ஆம் இடத்தைத் தாண்டவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து உலகமே கேட்டது. 2021இல் வார்னரே முழு நீள வீடியோ எடுத்து வெளியிட்டது.

நானும் அந்தப் பாட்டுக்காகத்தான் இதை வாங்கினேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது அலுக்கவில்லை. ஜுன் அவோயாமாவின் டிரம்ஸும் கோகி இதோவின் பேஸும் சேர்ந்து ஓடும் அந்த ஓட்டத்தில் எங்கேயும் அவசரம் இல்லை. காதலில் அடிபட்ட ஒருத்தி, இனி எல்லாம் விளையாட்டுதான் என்று முடிவெடுத்துவிட்டு இரவெல்லாம் ஆடுகிறாள். மரியாவின் குரல் அவளுக்காக அழுவதில்லை; நிதானமாக, கொஞ்சம் தள்ளி நின்று பாடுகிறது. அதனால்தான் மொழி தெரியாதவர்களுக்கும் அந்தச் சோகம் போய்ச் சேருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் இந்த ஒரு பாட்டுக்காக மூன்று சிடி வாங்கியவர்கள் மீதி 41 பாட்டை ஓரம்கட்டிவிட்டால் இழப்பு அவர்களுக்குத்தான்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

மரியா பிறந்தது ஷிமானே மாகாணத்தில், இசுமோ பெருங்கோயில் இருக்கும் ஊரில். கோயிலுக்குப் பக்கத்தில் அவர் குடும்பம் நடத்தும் தாகேனோயா என்ற பழைய பாணி விடுதி 1877இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக்குப் போய்ப் படித்தார். பிறகு கெயோ பல்கலைக்கழகம். அங்கே இசைக் குழுவில் மூத்தவராக இருந்த மசாமிச்சி சுகியின் பாடல்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்ததில் தொடங்கியது அவர் இசைப் பயணம்.

தொகுப்பின் தொடக்கப் பகுதியில் அந்த மாணவியின் குரல்தான் கேட்கிறது. இனிமையான, உச்சரிப்புச் சுத்தமான, அமெரிக்கப் பாட்டுகள் கேட்டு வளர்ந்த குரல். முதல் பாட்டையும், 1980 வசந்தகாலத்தில் ஷிசெய்டோ அழகுப் பொருள் விளம்பரத்துக்காக வந்து பெரிய ஹிட்டான 'ஃபுஷிகி நா பீச் பை' பாட்டையும் எழுதியவர்கள் கசுமி யசுயி, கசுஹிகோ கதோ என்ற தம்பதி. 1979இல் வந்த 'செப்டம்பர்' பாட்டின் வரிகள் தகாஷி மட்சுமோதோ. இசை டெட்சுஜி ஹயாஷி. அதே ஹயாஷிதான் பாடகி மிகி மட்சுபாராவின் 'ஸ்டே வித் மீ'க்கும் இசையமைத்தவர். ஆக, இந்தப் பகுதியில் புகழ்பெற்ற பாட்டுகள் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியவை. அவர் அவற்றை நன்றாகப் பாடுகிறார். அவ்வளவுதான் என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. தொகுப்பில் நான் மிகக் குறைவாகப் போடும் பகுதி இது. ஒரு மதியத்தில் இரண்டு மூன்று பாட்டுக்குமேல் அந்த இனிமையைத் தாங்க முடிவதில்லை.

'செப்டம்பர்' மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு பெண், கடுகு நிறச் சட்டை போட்ட தன் காதலனைப் பின்தொடர்ந்து ஓடி ரயிலில் தாவி ஏறுகிறாள். அவன் தன்னைவிட வயதில் மூத்த இன்னொருத்தியைப் பார்க்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் இரவல் வாங்கிய அகராதியைத் திருப்பித் தரப்போவதாகவும், அதிலிருந்து காதல் என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தரப்போவதாகவும் சொல்கிறாள். கேட்ட உடனே பிடித்துப்போகும் வரி. கெட்டிக்காரத்தனமான வரி. இந்த ரயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1981இல் மரியா மேடையை விட்டு ஒதுங்கினார். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், பேட்டிகள் என்று இளம் நட்சத்திரங்களுக்குரிய வேலைகளைச் செய்து களைத்துப்போயிருந்தார். 1982இல் இசைக்கலைஞர் டட்சுரோ யமாஷிதாவைத் திருமணம் செய்துகொண்டார். வீட்டில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் பிற பாடகிகளுக்குப் பாட்டு எழுத ஆரம்பித்தார். 1982இல் நவோகோ கவாய்க்காக 'கெங்கா ஓ யமெதே', 1984இல் ஹிரோகோ யகுஷிமாருவுக்காக 'கெங்கி ஓ தாஷிதே', 1986இல் அகினா நகமோரிக்காக 'எகி'. 1984இல் 'வெரைட்டி' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது அதிலிருந்த எல்லாப் பாட்டுக்கும் வரியும் மெட்டும் அவரே. இசைக்கோப்பும் தயாரிப்பும் யமாஷிதா. அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது.

தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது இந்த மாற்றத்தை யாரும் சொல்லாமலே உணர முடியும். குரல் அதே குரல்தான், ஆனால் பாட்டுக்குள் இருக்கும் ஆள் மாறிவிடுகிறார். தனித்தனி ஆல்பங்களாகக் கேட்டிருந்தால் எனக்கு இது பிடிபட்டிருக்காது. மற்றவர் எழுதியதைப் பாடிக்கொண்டிருந்த ஒருவர், மற்றவர்க்கு எழுதிக் கொடுப்பவராக ஆகி, பிறகு அப்படிக் கொடுத்தவற்றையே தன் குரலில் மீண்டும் பாடுகிறார்.

மீண்டும் பாடிய பாட்டுகளில் நான் அதிகம் கேட்டது 'கெங்கி ஓ தாஷிதே'. மனம் உடைந்து கிடக்கும் தோழியைத் தேற்றும் பாட்டு. இந்த வகைப் பாட்டுகளில் பெரிய வார்த்தைகளால் ஆறுதல் சொல்வதுதான் வழக்கம். மரியா அப்படிச் செய்வதில்லை. கொஞ்சம் இளைத்துப்போன உன் உடம்புக்குப் பொருந்துகிற உடுப்பாகத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பு என்கிறார். சாப்பிடாமல் இளைத்திருக்கிறாள் என்பதைப் பார்த்திருக்கிறாள் அந்தத் தோழி. அதைக் குற்றமாகச் சொல்லாமல் புது உடுப்பு வாங்க ஒரு காரணமாக மாற்றிவிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளால்தான் இப்படிப் பேச முடியும். இந்த ஒரு வரிக்காகவே நான் ஜப்பானிய மொழியைக் கொஞ்சம் உழைத்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

'கெங்கா ஓ யமெதே' தனக்காகச் சண்டை போடும் இரண்டு ஆண்களை நிறுத்தச் சொல்லும் பெண்ணின் பாட்டு. நவோகோ கவாய் பாடியபோது அவருக்கு 19 வயது. அந்தக் குரலில் அது ஒரு சின்னப் பெண்ணின் பதற்றம். 1987இல் 'ரிக்வெஸ்ட்' ஆல்பத்தில் மரியா பாடியபோது அவருக்கு 32. அதே வரிகளில், நடந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தவளின் நிதானம் வந்துவிடுகிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கும். மூலப் பதிவையும் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

இனி 'எகி'. ரயில் நிலையம் என்று பொருள். பொழுது சாயும் நேரம், கூட்டத்தில் பழகிய மழைக்கோட்டு ஒன்று கண்ணில் படுகிறது. பிரிந்து இரண்டு ஆண்டுகளான காதலன். அவள் கூப்பிடுவதில்லை. அவன் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டு, குனிந்திருக்கும் அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வருகிறாள். இருவருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் இருக்கிறார்கள். அவன் கூட்டத்தில் கரைந்து போகிறான். அவள் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மழை விட்டுக்கொண்டிருக்கிறது. வழக்கமான இன்னொரு இரவு வருகிறது.

ஜப்பானிய ரயில்களில் ஒரு பெட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவே கண்ணாடி பதித்த கதவு உண்டு. தோசாய் தடத்தில் தினமும் போகிறவன் நான். நிஷி-கசாயில் ஏறி, அரகாவா ஆற்றைக் கடந்து சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும், அந்தக் கண்ணாடி வழியாக அடுத்த பெட்டியில் நிற்பவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தக் கண்ணாடியைப் பார்த்த முதல் நாளில்தான் 'எகி' எவ்வளவு துல்லியமான பாட்டு என்று புரிந்தது. அடுத்த பெட்டி என்பது கவிதைக்காகச் சேர்த்த விவரம் இல்லை. ஒருவரைப் பார்க்கவும் வேண்டும், அவர் நம்மைப் பார்க்கவும் கூடாது என்றால் அங்கேதான் நிற்க முடியும்.

இப்போது 'செப்டம்பர்' பாட்டின் ரயிலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருத்தி துரத்திக்கொண்டு ஓடித் தாவி ஏறுகிறாள், கடைசியில் ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருக்கிறாள். இங்கே ஒருத்தி அடுத்த பெட்டியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள், அவளிடம் பதில் எதுவும் இல்லை. முதலாவது பெரும் பாடலாசிரியர் ஒருவர் 24 வயது மரியாவுக்காக எழுதியது. இரண்டாவது மரியாவே எழுதியது. இடையில் எட்டு ஆண்டுகள்கூட இல்லை. இரண்டையும் ஒரே தொகுப்பில் வரிசையாகக் கேட்கக் கிடைப்பதுதான் 'எக்ஸ்பிரஷன்ஸ்' எனக்குத் தந்த பெரிய சந்தோஷம்.

'எகி' பாட்டின் முதல் பதிவு அகினா நகமோரியின் 'கிரிம்ஸன்' ஆல்பத்தில் இருக்கிறது. 21 வயதில் அவர் அதை மிகவும் அடங்கிய குரலில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடியிருப்பார். அவர் பாடும் பெண் இன்னும் அந்தக் காயத்துக்குள்ளேயே இருக்கிறாள். மரியாவின் பெண் நிமிர்ந்து நிற்கிறாள். எது சிறந்தது என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நான் மரியா பக்கம். கதையின் கடைசியில் வழக்கமான இரவு வந்தாக வேண்டும். அந்த இரவுக்குள் நடந்து போகத் தெம்புள்ள குரல் மரியாவுடையது.

இதற்கடுத்து வருபவற்றில் 'சிங்கிள் அகெய்ன்', 'கொகுஹகு' இரண்டும் நிப்பான் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை மர்ம நாடகங்களுக்கு முடிவுப் பாட்டாக வந்தவை. 1989, 1990. அந்தத் தலைமுறை ஜப்பானியர்களிடம் இவற்றின் முதல் சில நொடிகளைப் போட்டுக் காட்டினால் போதும், கொலைகாரன் கடலோரப் பாறைமீது நின்று உண்மையை ஒப்புக்கொள்ளும் காட்சியை நினைவுகூர்வார்கள். எனக்கு அந்த நினைவு இல்லை. அதனாலோ என்னவோ, நல்ல பாட்டுகள் என்று மதிக்கிறேனே தவிர அடிக்கடி தேடிப் போவதில்லை. 1998இல் 'நெமுரேரு மோரி' என்ற நாடகத்துக்காக வந்து முதலிடம் பிடித்த 'கமுஃப்ளாஜு' பாட்டும் அப்படியே.

ஆனால் 'இயே நி கயேரோ' வேறு. வீட்டுக்குத் திரும்புவோம் என்ற பாட்டு. குளிர்பதனப் பெட்டிக்குள் பாதி உறைந்துபோன அன்பைச் சூடுபடுத்த வேண்டும் என்று கலகலப்பான ராக்கன் ரோல் மெட்டில் பாடுகிறார். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் ஆனவர்களைப் பற்றிப் பாப் இசையில் உற்சாகமாகப் பாட்டு வருவது அரிது. காதல் தொடங்கும்போதும் முறியும்போதும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; நடுவில் பாத்திரம் கழுவும் காலத்தை எழுத ஆள் குறைவு. எங்கள் வீட்டில் சனிக்கிழமை சமையல் பாட்டு இதுதான்.

தொகுப்பின் கடைசி சிடிதான் இப்போது என் பிளேயரில் அதிக நேரம் இருக்கிறது. வாங்கிய புதிதில் நான் இதைத் தொடவே இல்லை. மெதுவான பாட்டுகள், நடுத்தர வயது விஷயங்கள். அதில் முடிவை ஒட்டி வரும் 'ஜின்செய் நோ தோபிரா', வாழ்க்கையின் கதவு, 2007இல் 'டெனிம்' ஆல்பத்தில் வந்தது. ஐம்பதைக் கடந்துவிட்டதை உணரும் ஒருவர், இன்னும் எத்தனை முறை வசந்தத்தில் செர்ரிப் பூக்களைப் பார்க்கப்போகிறோம் என்று யோசிக்கிறார். ஜீன்ஸின் நீலம் வெளிற வெளிற அழகு கூடுவதுபோல மனிதர்களும் என்கிறார். கோரஸ் ஆங்கிலத்தில் இருக்கிறது: இருபது, முப்பது என்று ஆரம்பித்துத் தொண்ணூறு வரை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சொல். வயதாவதைப் பற்றிய பாட்டுகள் பெரும்பாலும் ஒன்று புலம்பும், இல்லையென்றால் பொய்யாக உற்சாகப்படுத்தும். இந்தப் பாட்டு முதுமையில் வரும் தளர்ச்சியையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் வாழ்வது பயனுள்ளது என்கிறது. எங்கள் அலுவலகக் கூட்டத்தோடு கரவோகே போனபோது ஓய்வு பெறப்போகும் சக ஊழியர் ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்தார். கோரஸ் வந்ததும் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் மைக் இல்லாமலே சேர்ந்துகொண்டார்கள். இளைஞர்களுக்கும் வரிகள் தெரிந்திருந்தன.

பொருளாக இது எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிடிகளில் இதுவரை எந்தப் பாட்டும் சிக்கவில்லை. உறையின் கீல் ஒன்று உடைந்தது. காலி உறைகள் இங்கே எளிதாகக் கிடைக்கும் என்பதால் மாற்றிவிட்டேன். ஜப்பானிய சிடிகளின் ஓரத்தில் சுற்றி வரும் காகிதப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய சிடி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அது இருக்கிறதா என்றுதான். வரிகள் அச்சிட்ட கையேடு முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கிறது. மொழி தெரியாதவர்களுக்கு இது உண்மையான தடை. மரியாவின் பலமே வரிகளில் இருப்பதால், பொருளைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாவிட்டால் பாதிதான் கிடைக்கும். சிறிய ஸ்பீக்கரில், மிதமான ஒலியில் கேட்பதுதான் எனக்கு இதமாக இருக்கிறது. சத்தமாக வைத்துத் தொடர்ந்து கேட்டால், ஆரம்பக் காலப் பாட்டுகளின் கூர்மை காதை உறுத்துகிறது.

குறைகள் இன்னும் உண்டு. 42 பாட்டு என்பது அதிகம். ஆரம்பப் பகுதியில் ஐந்தாறைக் குறைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. 2008இல் நின்றுவிடுவதால் 2012இல் அவர் பெயரில் வந்த 'இனோச்சி நோ உதா' இதில் இல்லை. 2019 ஆண்டு இறுதியில் என்எச்கே-யின் கோஹகு பாட்டு விழாவில் முதல்முறையாகக் கலந்துகொண்டு அவர் பாடியது அந்தப் பாட்டுதான். அதை விரும்புபவர்கள் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சிடி போதும் என்பவர்களுக்கு 1994இல் வந்த 'இம்ப்ரெஷன்ஸ்' இருக்கிறது. 30 லட்சத்துக்கும் மேல் விற்ற தொகுப்பு என்பதால் பழைய கடைகளில் மலிவாகவே கிடைக்கும். மரியா திரும்பி வந்த பிறகான பாட்டுகளைக் கொண்டது. 'எகி', 'பிளாஸ்டிக் லவ்' இரண்டும் உண்டு. பரிசாகக் கொடுப்பதானால் நான் அதைத்தான் கொடுப்பேன். ஆனால் அதில் 'செப்டம்பர்' இல்லை. முதல் ரயில் இல்லாமல் இரண்டாவது ரயிலை மட்டும் கேட்க உங்களுக்குச் சம்மதமென்றால் அதுவே போதும். எனக்குச் சம்மதமில்லை.

'எக்ஸ்பிரஷன்ஸ்' தொகுப்பின் மூன்று சிடிகளையும் கேட்டு முடித்தவர்கள் அடுத்து 1987இன் 'ரிக்வெஸ்ட்' ஆல்பத்துக்குப் போகலாம். பிறருக்கு எழுதியதைத் திருப்பிப் பாடிய பாட்டுகள் பலவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நான் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.